நூற்றெண்பது லிட்டர்

எட்மன்டனில் ஏறும்போதே ஓரெஸ்ட் சொல்லிவிட்டான்:
தொட்டியில் நூற்றெண்பது லிட்டர்தான்,
குளிக்கிறவர்கள் எண்ணிக் குளியுங்கள்.

வாடகைக்கு எடுத்த வண்டிவீடு.
அடுப்பு உண்டு, கட்டில் உண்டு,
கோபித்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்த
ஓர் அறை கிடையாது.
அப்பாவின் கல்லுக்கு யார் பணம் கொடுத்தது என்று
பதினான்கு மாதம் பேசாதிருந்த அண்ணனும் நானும்
ஐந்நூறு கிலோமீட்டர்
முன்னிருக்கையில் பக்கத்தில் பக்கத்தில்.
ஒவ்வொரு திருப்பத்திலும் இழுப்பறை தானாகத் திறந்தது.
எங்களுக்குப் பதிலாகக் கரண்டிகள் சண்டை போட்டன.

சஸ்காட்செவான். மே மாதம்.
விதைத்த வயல் இன்னும் கறுப்பு.
பள்ளங்களில் பனி உருகிய தண்ணீர்,
அதில் வாத்துகள், ஏதோ சொந்த நிலம் மாதிரி.

தேவாலயம் பூட்டிக் கிடந்தது.
வெங்காயக் குவிமாடத்தில் ஒரு பக்கம் மட்டும் துரு.
கிணற்றுப் பம்பின் கைப்பிடியை
யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.
ஓரெஸ்ட் பம்பைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லாமல்
பச்சைக் குழாயைப் பிரித்துப் போட்டான்.

பூட்டி பராஸ்காவின் கல்லில்
ஆரஞ்சுக் கற்பாசி, பழைய தீப்புண் போல.
சோப்பு ஆகாது, கம்பித் தூரிகை ஆகவே ஆகாது.
நனை, காத்திரு, தேய், மறுபடி நனை.
அவன் மகன் மார்க்கியன் குழாயைப் பிடிக்க
என் மகள் லாரிசா கீழ்வரியைத் தேய்த்தாள்.
அந்த எழுத்து எங்கள் யாருக்கும் வாசிக்க வராது.
எண் எல்லோருக்கும் ஒன்றுதான்.

"அம்மா, 1919 என்று இருக்கிறது.
தாத்தா பிறந்தது இருபத்து நான்கில் இல்லையா?
செத்து ஐந்து வருஷம் கழித்தா பெற்றாள்?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.
யாருக்கும் குழாயை மூடத் தோன்றவில்லை.

முதல் மனைவி, என்றான் ஓரெஸ்ட்.
அன்று அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.
காய்ச்சல் வருஷத்தில் போனவள், இருபத்திரண்டு வயது.
இவளுக்கும் பராஸ்கா, அவளுக்கும் பராஸ்கா.
பெயரை மாற்றிக் கூப்பிடும் சிரமம்கூட
அந்த மனிதருக்கு இருந்திருக்காது.
அப்பா ஒவ்வொரு மே மாதமும்
நெற்றியை வைத்து அழுதது இந்தக் கல்லில்.
நாங்கள் யாரும் அவள் வயிற்று வழி இல்லை.

எங்களுடையவள்
முள்வேலிச் செடிக்குப் பின்னால் இருந்தாள்.
இரும்புக் குழாயில் ஒரு சிலுவை, இடுப்பளவு புதைந்து,
காலடியில் நிலத்தணில் தோண்டிய பொந்து.
தகட்டில் ஆணியால் குத்திய பெயர். 1966.
போன வருஷம் வெயில் ஏறியபோது
என் கோட்டைக் கழற்றி மாட்டியது
இதன்மேல்தான்.

பூவை எடுத்து இங்கே வைக்கவா என்று கேட்டான் மார்க்கியன்.
வேண்டாம் என்றோம், இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.
வேறு யார் வரப்போகிறார்கள் அவளுக்கு?
தேன் கலந்து அவித்த கோதுமை ஒரே கிண்ணம்.
கையால் பாதியாக்கினேன், சரிபாதி வரவில்லை,
பெரிய பங்கு யாருக்குப் போனதென்று சொல்லமாட்டேன்.
பாதிரியார் இல்லை.
மூன்று முறை பாட வேண்டியதை
ஓரெஸ்ட் ஆறு முறை பாடினான்,
சுருதி எங்கோ, அவன் எங்கோ.
மிச்சத் தண்ணீர் முழுவதும்
அந்த இரும்புத் துருவுக்குப் போனது.

இரவு முகாமில்
அளவுமானியில் சிவப்பு விளக்கு.
ஐந்து நிமிட வெந்நீருக்காக
வழியெல்லாம் அடித்துக்கொண்ட பிள்ளைகள்
நகக்கண்ணில் மண்ணோடு தூங்கிப்போனார்கள்.
குழாயில் கடைசியாக ஒரு குவளை சொட்டியது.
பல் தேய்க்க நீயே எடுத்துக்கொள் என்றான்.
அப்பாவின் கல்லைப் பற்றி
இன்னும் பேசவில்லை நாங்கள்.

விளக்கை அணைக்கும் முன்
தன் கழுத்துத் துணியை அவிழ்த்து
அந்த இழுப்பறைக் கைப்பிடியில்
இரண்டு சுற்றுச் சுற்றி
முடிச்சுப் போட்டான்.